மழைநாளிலும் ஃபைல் முழுதாகச் சர்வர் போய்ச் சேர

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் முதலில் போவது கரண்ட், அடுத்தது நெட். நான் செய்கிற வேலையோ பழைய எஸ்டேட் மழைக் கணக்கு நோட்டுகளை ஸ்கேன் செய்து, மும்பையில் இருக்கும் ஒரு சர்வரில் ஏற்றி வைப்பது. காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து இன்ச் கணக்கில் எழுதி வைத்த நோட்டுகள் அவை. ஒரு நோட்டை ஸ்கேன் செய்தால் ஒன்றரை, இரண்டு ஜிபி வந்துவிடும். பிரவுசர் வழியாக ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில் 90 சதவீதம் வந்ததும் லைன் போகும். திரும்பவும் சைபரில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரே நோட்டுக்கு மூன்று நாள் ஆனதுண்டு. அந்த எரிச்சலில்தான் டெர்மினல் பக்கம், அதாவது கமாண்டுகளை எழுத்தில் அடித்து வேலை வாங்கும் ஜன்னல் பக்கம் வந்தேன்.

கூடலூரில் இருக்கும் சித்தி மகள் மலர் இந்த வேலையில் சேர்ந்தபோது எல்லாவற்றையும் ஃபோனில்தான் சொல்லிக்கொடுத்தேன். இங்கேயும் அப்படியே, கமாண்டுகளை வாயால் சொல்கிற உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் கீபோர்டில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடங்கள் நான்கைந்துதான், அங்கே சொல்லிவிடுகிறேன். இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் இடைவெளி விடுங்கள், இல்லாத இடத்தில் விடாதீர்கள். புதிதாக வருகிறவர்களின் தவறுகளில் பாதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபி வழியாக அனுப்பலாமே என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். 1971இல் அதன் முதல் வரைவை எழுதியவர் கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண் என்பதில் நமக்கும் பெருமைதான். ஆனால் அதில் பாஸ்வேர்டும் ஃபைலும் தபால் கார்டு மாதிரி திறந்தபடி போகும், வழியில் இருக்கும் யாரும் படிக்கலாம். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படித்தான் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்த டாட்டு யிலோனென், போகிற எல்லாவற்றையும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எச் என்ற புரோகிராமை எழுதினார். கீழே வரும் எஸ்சிபி, எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் மூன்றும் எஸ்எஸ்எச் போட்டுத் தருகிற மூடிய குழாய்க்குள்தான் ஓடுகின்றன.

தொடங்கும் முன்

கையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: சர்வரின் முகவரி, அதில் உங்கள் பயனர் பெயர், முதல் முறை நுழைய ஒரு பாஸ்வேர்டு. போர்ட் எண், அதாவது சர்வருக்குள் நுழையும் வாசலின் எண், சொல்லப்படவில்லை என்றால் அது 22 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் முகவரியாக 203.0.113.10 என்று போடுகிறேன். அது உதாரணங்களுக்கென்றே ஒதுக்கி வைத்த எண், அங்கே யாரும் குடியிருக்கவில்லை.

லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்தால் போதும். விண்டோஸ் 10இல் 2018 முதலே எஸ்எஸ்எச், எஸ்சிபி, எஸ்எஃப்டிபி உள்ளேயே இருக்கின்றன, ஆனால் ஆர்சிங்க் கிடையாது. அறுந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடர்வது ஆர்சிங்க்தான், நம் ஊர் நெட்டுக்கு அது இல்லாமல் ஆகாது. அதனால் விண்டோஸின் டெர்மினலான பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து இதை அடியுங்கள்:

டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்

முடிந்ததும் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு என்ற லினக்ஸ் வந்துவிடும். இனிமேல் எல்லா வேலையும் அதற்குள் மட்டும் செய்யுங்கள். பாதி பவர்ஷெல்லில், பாதி உபுண்டுவில் என்று செய்தால் சாவி ஒரு இடத்தில், பூட்டு ஒரு இடத்தில் என்றாகிவிடும். உங்கள் சி டிரைவ் அங்கே /எம்என்டி/சி என்ற பெயரில் தெரியும்.

கைரேகை பார்க்காமல் 'எஸ்' போடாதீர்கள்

முதல் கமாண்ட், சர்வருக்குள் நுழைவது:

எஸ்எஸ்எச் மலர்@203.0.113.10

மலர் என்ற இடத்தில் உங்கள் பயனர் பெயர். என்டர் தட்டியதும் நேரே பாஸ்வேர்டு கேட்காது. இந்தச் சர்வரை எனக்குத் தெரியாது, அதன் கைரேகை இது, தொடரலாமா என்று கேட்கும். கைரேகை எஸ்எச்ஏ256 என்று தொடங்கும், அதன் பின்னால் புரியாத நீள எழுத்துக் கோவை.

"அண்ணா, எஸ்ஸா நோவான்னு கேக்குது. எஸ் போட்டுடவா?" என்றாள் மலர். எல்லோரும் போடுவது அதைத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் போட்டேன். ஆனால் பாதுகாப்பு என்று நாம் சொல்வது முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. குழாய் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் மறுமுனையில் இருப்பது வேறு ஆள் என்றால் பாஸ்வேர்டை நாமே பத்திரமாகக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்த மாதிரி. ஊட்டியில் சீசன் நேரத்து லாட்ஜ் வைஃபையில் உட்கார்ந்து முதன்முறை ஒரு சர்வருக்குள் நுழைகிறீர்கள் என்றால் இது வெறும் கற்பனை பயம் இல்லை.

சரிபார்ப்பது சுலபம். சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் யாரோ அவரை, சர்வரிலேயே இந்தக் கமாண்டை ஓட்டி வருவதை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்:

எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் /ஈடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்_ஹோஸ்ட்_ஈடி25519_கீ.பப்

ஈடிசியில் வருவது டைகரின் முதல் எழுத்து, ஈடி25519இல் வருவது டாக்டரின் முதல் எழுத்து. சர்வர் உங்களுடையதே என்றால், வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் கன்சோல் என்று ஒன்று இருக்கும். அதில் நுழைந்து நீங்களே ஓட்டலாம். கண்ணால் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டியதில்லை. எஸ் அல்லது நோ என்று கேட்கிற இடத்தில், உங்களுக்கு வந்த கைரேகையை எஸ்எச்ஏ256 என்ற தொடக்கத்தோடு அப்படியே ஒட்டி என்டர் தட்டுங்கள். பொருந்தினால் மட்டும் உள்ளே விடும், பொருந்தாவிட்டால் திரும்பக் கேட்கும். புதிய எஸ்எஸ்எச் பதிப்புகள் எல்லாம் இதைச் செய்யும், ஆனால் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஒருமுறை ஒப்புக்கொண்டால் கம்ப்யூட்டர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பின்னால் என்றைக்காவது கைரேகை மாறியிருந்தால் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் கத்தும். சர்வரை மாற்றிக் கட்டியிருந்தாலும் கத்தும், நடுவில் ஒருவன் புகுந்திருந்தாலும் கத்தும். எது என்று விசாரித்துக்கொண்ட பிறகுதான் பழைய பதிவை நீக்க வேண்டும்: எஸ்எஸ்எச்-கீஜென், இடைவெளி, சிறு கோடு, பெரிய ஆர், இடைவெளி, முகவரி.

உள்ளே போய்விட்டீர்களா? எம்கேடிர் மழை என்று அடித்து ஒரு ஃபோல்டர் உண்டாக்கிவிட்டு, எக்ஸிட் அடித்து வெளியே வாருங்கள். அனுப்புகிற வேலை எல்லாம் நம் கம்ப்யூட்டரில் இருந்துதான். சர்வருக்குள் இருந்துகொண்டே 'என் ஃபைலைக் காணோம்' என்று தேடாதவர் இல்லை.

சாவி

ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிப்பது அலுப்பு. தவிர, உலகம் முழுக்க யார் யாரோ 22ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டுகளை முயன்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் சாவி செய்துகொள்ளுங்கள்:

எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519

சிறு கோட்டை ஒட்டி வருவது டைகரின் முதல் எழுத்து. எங்கே வைக்க என்று கேட்டால் என்டர். பாஸ்ஃப்ரேஸ் கேட்டால் மட்டும் என்டர் தட்டி நழுவாதீர்கள், நான்கைந்து சொல் சேர்ந்த ஒரு வரி போடுங்கள். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, கீபோர்டு கெட்டுப்போகவில்லை. நான் ஒருமுறை லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது, சாவிக்குப் பாஸ்ஃப்ரேஸ் இல்லை என்று. அன்று ராத்திரி தூக்கமில்லை. அவர்கள் ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் அந்தச் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்தேன்.

இப்போது இரண்டு ஃபைல் உண்டாகியிருக்கும். பப் என்று முடிவதைச் சர்வருக்குக் கொடுக்கலாம். இன்னொன்று இந்தக் கம்ப்யூட்டரை விட்டு நகரவே கூடாது. மெயிலிலோ வாட்ஸப்பிலோ உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்வதும் கூடாது. பப் ஃபைலைச் சர்வரில் சேர்க்க:

எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மலர்@203.0.113.10

கடைசியாக ஒருமுறை பாஸ்வேர்டு கேட்கும். பிறகு உள்ளே நுழைந்து பாருங்கள், சாவியின் பாஸ்ஃப்ரேஸ் மட்டும் கேட்டால் சரி. அதையும் ஒவ்வொரு முறையும் அடிக்காமல் இருக்க, உட்கார்ந்ததும் இந்த இரண்டு வரி:

எவல் "$(எஸ்எஸ்எச்-ஏஜென்ட்)"
எஸ்எஸ்எச்-ஆட்

டெர்மினல் ஜன்னலை மூடும்வரை ஏஜென்ட் சாவியை நினைவில் வைத்திருக்கும்.

ஒற்றை ஃபைலுக்கு எஸ்சிபி

சின்ன ஃபைல், லைனும் நன்றாக இருக்கிறது என்றால் எஸ்சிபியே போதும். எதை, எங்கே என்ற வரிசை மட்டும் மாறாது.

எஸ்சிபி நோட்1.பிடிஎஃப் மலர்@203.0.113.10:மழை/

முகவரிக்குப் பின்னால் வரும் முக்காற்புள்ளியைப் பாருங்கள். அதைப் போடாமல் முகவரியோடு நிறுத்திவிட்டால் எஸ்சிபி தவறு என்று சொல்லாது. உங்கள் கம்ப்யூட்டரிலேயே, மலர்@203.0.113.10 என்ற பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு அமைதியாக முடித்துக்கொள்ளும். நிமிடத்தில் போய்விட்டதே, நெட் இன்று பிரமாதம் என்று நான் சந்தோஷப்பட்ட ஒரு நாள் உண்டு.

சர்வரில் இருந்து எடுக்க வரிசையைத் திருப்புங்கள். கடைசியில் இருக்கும் புள்ளிக்கு 'நான் இப்போது நிற்கிற ஃபோல்டர்' என்று பொருள்:

எஸ்சிபி மலர்@203.0.113.10:மழை/நோட்1.பிடிஎஃப் .

முழு ஃபோல்டர் என்றால் எஸ்சிபிக்குப் பின்னால் -ஆர் சேருங்கள், இங்கே சிறிய ஆர். போர்ட் 22 இல்லையென்றால் சிறு கோட்டோடு பெரிய பி (பேப்பரின் முதல் எழுத்து) போட்டு எண்ணைக் கொடுக்க வேண்டும். எஸ்எஸ்எச் கமாண்டிலோ அதே வேலைக்குச் சிறிய பி. எஸ்சிபியில் சிறிய பி போட்டால் ஃபைலின் தேதியைக் காப்பாற்று என்று அர்த்தமாகிவிடும். இப்படி வைத்தவர்களை என்ன சொல்வது, மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். 2022இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 முதல் எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி முறையில்தான் பேசுகிறது. மிகப் பழைய சர்வர் எதுவும் பதில் சொல்ல மறுத்தால் சிறு கோட்டோடு பெரிய ஓ சேர்த்துப் பாருங்கள், பழைய பாஷையில் பேசும்.

ஃபைல் பெயரில் இடைவெளி வேண்டாம். தமிழில் பெயர் வைத்தாலும் போய்ச் சேரும். ஆனால் டெர்மினலில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிவதால், தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுக்க எஸ்எஃப்டிபி

சர்வரில் எந்த ஃபோல்டரில் என்ன கிடக்கிறது என்று தெரியாதபோது மட்டும் இதை எடுக்கிறேன். எஸ்எஃப்டிபி மலர்@203.0.113.10 என்று நுழைந்தால், எல்எஸ் அங்கே இருப்பதைக் காட்டும், சிடி ஃபோல்டர் மாற்றும், கெட் எடுக்கும், புட் வைக்கும், விடைபெறும்போது சொல்கிற பை வெளியே விடும். எல்எஸ், சிடி இரண்டுக்கும் முன்னால் இன்னொரு எல் சேர்த்தால் அது நம் கம்ப்யூட்டரைக் குறிக்கும். பாதியில் அறுந்ததை ரீகெட், ரீபுட் என்று தொடரலாம்.

மலை நெட்டுக்கு ஆர்சிங்க்

மேட்டுப்பாளையம் ரயில் கல்லாரில் இருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்துத்தான் ஏறுகிறது. 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற சரிவில் நின்றாலும் பின்னால் உருளாமல் இருப்பதற்கு அந்தப் பல்தான் காரணம். எஸ்சிபி பல்லில்லாத ரயில், நின்றால் மேட்டுப்பாளையத்தில் இருந்து மறுபடி கிளம்ப வேண்டும். ஆர்சிங்க் நின்ற இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மாக்கெராஸ் இருவரும் 1996இல் வெளியிட்டது. இரண்டு பக்கத்திலும் உள்ள ஃபைலைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, இல்லாத துண்டை மட்டும் அனுப்புகிறது.

ஆர், எஸ், ஒய், என், சி என்று ஐந்து எழுத்து. நம் கம்ப்யூட்டரில் மட்டுமல்ல, சர்வரிலும் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரைப் போடச் சொல்லுங்கள்.

ஆர்சிங்க் -ஏவிபி நோட்டு/ மலர்@203.0.113.10:மழை/

ஏ, வி சிறியவை, பி மட்டும் பெரியது. ஏ என்பது ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, தேதி மாறாமல் அப்படியே எடுத்துப்போ என்பதற்கு. வி என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகும். பெரிய பிதான் நமக்கு உயிர்: அரைகுறையாகப் போனதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும், எத்தனை சதவீதம் என்றும் காட்டும். லைன் போனதா? வந்ததும் மேல் அம்புக்குறியைத் தட்டி அதே கமாண்டை மறுபடி ஓட்டுங்கள். பெரிய ஃபைலாக இருந்தால் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். ஏற்கெனவே போன பகுதியை இரண்டு பக்கமும் படித்துச் சரிபார்க்கிற நேரம் அது. நின்றுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

நோட்டு என்ற பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் ஃபோல்டரின் உள்ளே இருப்பவை போகும், இல்லாவிட்டால் நோட்டு என்ற ஃபோல்டரே போய் மழைக்குள் உட்காரும். இந்த ஒரு கோட்டில் தடுமாறி, மழைக்குள் நோட்டு, நோட்டுக்குள் நோட்டு என்று வெங்காயம் மாதிரி அடுக்கிவைத்தவன் நான். சந்தேகமாக இருந்தால் -ஏவிபியோடு ஒரு சிறிய என் சேருங்கள். எதையும் அனுப்பாமல், எதெது எங்கே போகும் என்று பட்டியல் மட்டும் காட்டும்.

--டிலீட் என்று ஒன்று இருக்கிறது: இந்தப் பக்கம் இல்லாததை அந்தப் பக்கமும் அழித்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை, ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள். காலியாக இருந்த ஒரு பென்டிரைவை மூலமாகக் கொடுத்து இதை ஓட்டி, 1960களின் மூன்று நோட்டுகளைச் சர்வரில் இருந்து துடைத்தேன். நல்லவேளை, நோட்டுகள் அலமாரியில் இருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடி ஸ்கேன் செய்தேன்.

வீட்டில் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது ஆர்சிங்க் நெட் முழுவதையும் இழுத்துக்கொள்ளும். --பிடபிள்யூலிமிட்=200 என்று சேர்த்தால் நொடிக்குச் சுமார் 200 கேபிக்கு மேல் போகாது. சிறிய இசட் சேர்த்தால் சுருக்கி அனுப்பும். எழுத்து ஃபைலுக்கும் எக்செல்லில் இருந்து எடுத்த சிஎஸ்விக்கும் நல்லது, ஜேபெக்குக்கும் ஜிப்புக்கும் வீண்.

முழுதாகப் போனதா?

ஆர்சிங்க் ஒவ்வொரு ஃபைலையும் அனுப்பி முடித்ததும் தானே சரிபார்த்துக்கொள்ளும். எஸ்சிபியில் அனுப்பியது பாதியில் அறுந்திருந்தால், பெயர் சரியாக, உள்ளே அரைகுறையாக ஒரு ஃபைல் சர்வரில் கிடக்கலாம். அதனால் முக்கியமானவற்றுக்கு இரண்டு பக்கமும் இதை ஓட்டிப் பாருங்கள்:

எஸ்எச்ஏ256சம் நோட்1.பிடிஎஃப்

64 எழுத்தில் ஒரு கோவை வரும். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் கோவை மொத்தமாக மாறிவிடும் என்பதால் முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்தைப் பார்த்தாலே பழுது தெரிந்துவிடும். மேக்கில் அந்தக் கமாண்ட் இல்லையென்றால் எஸ்எச்ஏசம் -ஏ 256 என்று அடித்து, ஃபைல் பெயரைக் கொடுங்கள்.

முரண்டு பிடித்தால்

டைம்ட் அவுட் என்று வந்தால் உங்கள் பேச்சே அங்கே போய்ச் சேரவில்லை: நெட் இல்லை, முகவரி தப்பு, அல்லது நடுவில் வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் நிற்கிறது. ரெஃப்யூஸ்டு என்றால் பெரும்பாலும் சர்வர் இருக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. போர்ட் எண்ணைச் சரிபாருங்கள். பர்மிஷன் டினைட் என்று வந்து அடைப்புக்குள் பப்ளிக்கீ என்று இருந்தால் சாவிதான் பிரச்சினை. பயனர் பெயரைச் சரிபார்த்த பிறகு, சர்வரில் .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, அதற்குள் இருக்கும் ஆத்தரைஸ்டு_கீஸ் ஃபைலுக்கு 600 என்று அனுமதி இருக்கிறதா பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் உரிமையாளருக்கு மட்டும் என்றுதான் பொருள். மற்றவர்களும் எழுதலாம் என்று அது திறந்து கிடந்தால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை நம்பாது. இவை எதுவும் இல்லையென்றால் எஸ்எஸ்எச் -வி என்று ஓட்டி, வருகிற புலம்பலைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

ராத்திரி முழுக்க ஓட

முகவரியைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் இருக்க, உங்கள் கம்ப்யூட்டரில் .எஸ்எஸ்எச் ஃபோல்டருக்குள் கான்ஃபிக் என்ற ஃபைல் உண்டாக்கி இதை எழுதுங்கள்:

ஹோஸ்ட் கிடங்கு
ஹோஸ்ட்நேம் 203.0.113.10
யூசர் மலர்
போர்ட் 22
சர்வர்அலைவ்இன்டர்வல் 30

இனி எஸ்எஸ்எச் கிடங்கு என்றாலே போதும். எஸ்சிபிக்கும் ஆர்சிங்க்குக்கும் அதே பெயர் செல்லும். கடைசி வரி, 30 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா?' என்று சர்வரைக் கேட்டுக்கொள்ளும். மூன்று முறை பதில் இல்லையென்றால் செத்த லைனைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் விட்டுவிடும்.

இப்போது மழை ராத்திரிக்கான கமாண்ட். சாவியை ஏஜென்டில் ஏற்றிவிட்டு, சாதாரண ஆர்சிங்க்கை ஒருமுறை ஓட்டி, சரியான ஃபோல்டருக்குத்தான் போகிறது என்று பார்த்து நிறுத்திக்கொண்டு, அப்புறம் இதை அடியுங்கள்:

அன்டில் ஆர்சிங்க் -ஏவிபி --டைம்அவுட்=60 நோட்டு/ கிடங்கு:மழை/; டூ ஸ்லீப் 30; டன்

ஆர்சிங்க் வெற்றியாக முடியும்வரை, ஒவ்வொரு முறை விழுந்ததும் 30 நொடி பொறுத்து எழுந்து விட்ட இடத்தில் இருந்து தொடர் என்று இதற்குப் பொருள். டூ, டன் இரண்டும் 'செய்', 'செய்தாயிற்று' என்ற ஆங்கிலச் சொற்கள். ஃபோல்டர் பெயர் தப்பாக இருந்தால் விடிய விடிய விழுந்து எழுந்துகொண்டே இருக்கும், அதற்குத்தான் முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மோடமை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். லேப்டாப் தானாகத் தூங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பழக்கதோஷத்தில் மூடியைச் சாத்திவிட்டுப் படுக்கப் போனால் அதுவும் படுத்துவிடும்.